வங்கி முகப்பின் வலது சிங்கம்

போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். நம் அலுவலகத்தின் பழைய வரைபடங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்களாம். தங்கச் சுரங்க ஊரின் பழைய வங்கிக் கட்டடத்து முகப்புப் படத்தில், ஓரமாகப் பேனாவால் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதியிருக்கிறதாம். முதல் வரி: "வலது சிங்கத்தை உடைத்தவன் நான்." கீழே என் கையெழுத்து. "சார், யாரோ விளையாட்டுக்கு எழுதியது மாதிரி இருக்கிறது. அழித்துவிடலாமா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

போனிலேயே சிரித்துவிட்டேன். அழிக்காதே, நடந்ததை எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஓய்வு பெற்றவனிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் பக்கம் பக்கமாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்தேழு வயது. சிலாங்கூரில் ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தொழிற்பள்ளியில் கட்டடம் படித்து, கோலசிலாங்கூரைச் சுற்றிக் கடைவீடுகளும் பள்ளிக்கூடக் கழிப்பறைகளும் கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வருடத்தில் நான் பார்த்த எந்தக் கட்டடமும் என்னைவிட மூத்ததில்லை. ஆனாலும் எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு மட்டும் தலை நிறைய இருந்தது. அந்த நேரத்தில்தான் மலைக்கு அந்தப் பக்கம் பகாங் மாநிலத்தில் இருந்த அந்தப் பழைய வங்கியைப் புதுப்பிக்கும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. என்னை அனுப்பினார்கள்.

முதல் நாள் அந்தக் கட்டடத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். ஊரில் தங்கம் கொழித்த காலத்தில் கட்டியது. ஜன்னல் மேடையில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், சுவர் அவ்வளவு தடிமன். தங்கம் வெளியே போகாமலிருக்க எழுப்பிய சுவர், வெயிலையும் உள்ளே விடவில்லை. நடுப்பகலில் கதவைத் தாண்டினால் கிணற்றடிக் குளிர்ச்சி. சுரங்கத்திலிருந்து வந்த கட்டிகளை நிறுத்துப் பார்த்த அறையில், தராசு இருந்த இடத்தில் மட்டும் தரைக்கல் நிறம் மாறியிருந்தது. வாசற்படியோ நடுவில் தேய்ந்து குழிந்து கிடந்தது. வாசலுக்கு மேலே முக்கோண முகப்பு, நடுவில் ஒரு கேடயம், அதன் இரு பக்கமும் கேடயத்தை நோக்கி நின்று, முகத்தை மட்டும் தெருப் பக்கம் திருப்பிய இரண்டு சுதைச் சிங்கங்கள். கழுதைக் குட்டி அளவு இருக்கும். எத்தனையோ வருடத்துப் புகையும் பாசியும் படிந்து இரண்டும் கறுத்துப் போயிருந்தன.

என் கூட வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் தோட்டத்து ஆட்கள். நாங்கள் அத்தனை பேரும் ஒரு வேலையைப் பிறந்ததிலிருந்து செய்திருக்கிறோம். திருவிழாவுக்கு முன்னால் கோயிலைக் கழுவுவது. கோபுரத்துப் பொம்மைகள் மேலே குழாயைப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்போம்; அழுக்கு வழிந்து ஓடும்; காய்ந்ததும் வர்ணம் பூசுவோம். அவ்வளவுதான். சிங்கத்தைப் பார்த்ததும் எங்களுக்குத் தோன்றியதும் அதுதான். லோரி கழுவுகிற தண்ணீர்ப் பம்பு ஒன்றை நானே வாடகைக்கு ஏற்பாடு செய்தேன். வலது சிங்கத்தில் ஆரம்பித்தோம். அழுக்கு வழிந்தது. எல்லோரும் உற்சாகமாகக் கத்தினார்கள். அடுத்த நாளும் அடித்தோம்.

எங்கள் கோயில் பொம்மைகள் சிமெண்டுப் பொம்மைகள். அந்தச் சிங்கம் சுண்ணாம்பு. உள்ளே துருப்பிடித்த இரும்பு. விரிசல் வழியாகத் தண்ணீர் குடித்துக் குடித்துக் கனத்து, மூன்றாம் நாள் காலை நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது விழுந்தது. கீழே யாரும் இல்லை, அது எங்கள் பாக்கியம். வாசலில் வால் ஒரு பக்கமும் தாடை ஒரு பக்கமுமாகக் கிடந்தது.

இப்போது நான் செய்த உண்மையான தப்பைச் சொல்கிறேன். இரண்டு சிங்கங்களையும் சேர்த்துக் கான்வாஸ் போட்டு மூடினேன். அந்த வார அறிக்கையில், "சிங்கங்கள் சுத்தம் செய்யப்படுகின்றன" என்று எழுதினேன். அடுத்த வாரமும் அதையே எழுதினேன். அதற்குப் பிறகும் வாராவாரம் அதையேதான்.

அறிக்கை போன இடம் சாதாரண இடமில்லை. வங்கித் தலைமையகம் இந்த வேலைக்கென்று ஒரு கட்டடக் கலைஞரை வைத்திருந்தது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மலாய்க்காரப் பெண்மணி. நாங்கள் மலாய் வழக்கப்படி மரியாதையாகப் புவான் என்றுதான் அழைப்போம். அவர் அதட்டி நான் கேட்டதில்லை, ஆனால் அவர் வரும் நாளில் கொத்தனார்கள் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடுவார்கள். வேலை ஆரம்பிக்கும்போதே என்னிடம் சொல்லியிருந்தார்: "இந்தக் கட்டடத்தில் எதை வேண்டுமானாலும் மறுபடி வாங்கலாம். அந்த முகப்பை மட்டும் வாங்க முடியாது." அவர் பார்வையிட வருவதற்கு ஆறு வாரம் இருந்தது. விஷயம் தெரிந்தால் என் வேலை போகும், எங்கள் நிறுவனத்துக்கும் கெட்ட பெயர்.

இடது சிங்கத்தை அச்செடுத்து வார்க்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அரை நாள் குதூகலமாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது, அப்படி வார்த்தால் இரண்டின் உடம்பும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும், வலது சிங்கம் கேடயத்துக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு வேண்டியது கையால் திருப்பிச் செய்யத் தெரிந்த ஆள்.

அப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியும். சன்னாசி அண்ணன். பெயர்தான் சன்னாசி, வீட்டில் ஆறு பிள்ளைகள். எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். மதியத்துக்கு மேல் ஈஜோக்கிலிருந்து அசாம் ஜாவா வரை எந்தக் கோயிலில் பொம்மை வேலை இருந்தாலும் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துப் போய்ச் சாரத்தில் ஏற்றினேன். இடது சிங்கத்தை அவர் கண்ணால் பார்த்ததைவிடக் கையால் தடவியதுதான் அதிகம்.

"இது வெள்ளக்காரன் செஞ்சதில்ல தம்பி" என்றார்.

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"பிடரியப் பாரு. நத்த நத்தயா சுருட்டி வெச்சிருக்கான். சீனன் கையி இது. அவனும் சிங்கத்தப் பாத்திருக்க மாட்டான், நானும் பாத்ததில்ல. அப்ப என்னா பயம்? செஞ்சிரலாம்லா."

சிமெண்டு ஆகாது, சுண்ணாம்புதான் என்றும் அவரே சொன்னார். கடற்கரைப் பக்கம் சிப்பி சுட்டு விற்பவரிடம் சுண்ணாம்பு வாங்கினோம். குலை வெட்டும் வேலையை விட்டுவிட்டு மலை தாண்டி வந்து தங்க அவரால் முடியாது. அதனால் தோட்டத்துக் கோயில் கொட்டகையிலேயே செய்து, லோரியில் கொண்டு போவதாக முடிவாயிற்று. சனிக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். முதலில் இரும்பும் செங்கலுமாக ஒரு எலும்புக்கூடு. அடுத்த வாரம் வயிறு வந்தது. அதற்கடுத்த வாரம் பிடரி, நத்தை நத்தையாக, அச்சு அசல். முகம் மட்டும் எங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மாதிரி இருந்தது. தோட்டமே வந்து பார்த்துச் சிரித்தது. மண்டோரும் வந்து பார்த்தார். மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கழுத்தில் ஒரு சின்ன மணி தொங்கியது. "அண்ணே, அந்தப் பக்கத்துச் சிங்கத்துக்கு மணி இல்லையே" என்றேன். "அது சீனன் வளத்தது. இது நம்ம வளத்தது. மணி இல்லாம எப்படி அனுப்புறது?" என்றார்.

லோரியில் ஏற்றிய வியாழக்கிழமை, பெண்கள் அதன் நெற்றியில் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினார்கள். சிங்கத்தின் முகத்தை மஞ்சள் துணியால் கட்டியிருந்தார் சன்னாசி அண்ணன். வழியில் தூசி படாமலிருக்க என்று நினைத்துக்கொண்டேன். கோலகுபு தாண்டி மலைச்சாலையில் வளைந்து வளைந்து ஏறும்போது, பின்னால் வந்த கார்க்காரர்கள் எல்லாம் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் கப்பி கட்டித் தூக்கி, இரும்பைச் சுவரில் பொருத்தி, பூசி முடித்தோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புவான் வருகிறார். நான் பெருமூச்சு விட்டு மஞ்சள் துணியை அவிழ்த்தேன்.

சிங்கத்துக்குக் கண் இல்லை.

கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வழுவழுப்பான மேடுகள். அவற்றின் மேல் ஈரத்துணி ஒட்டியிருந்தது. கொட்டகையில் பார்த்தபோது, கண்ணைக் கடைசியில் செய்வார் என்று விட்டுவிட்டிருந்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் தோட்டத்தில் பிறந்தவன். எத்தனை கோயில் கும்பாபிஷேகம் பார்த்திருக்கிறேன்! சிலையை அதன் இடத்தில் நிறுத்திய பிறகுதான் கண் திறப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் இது வங்கிச் சிங்கம், இதற்கும் அதைச் செய்வார் என்று யார் கண்டது?

தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டு, கணக்கெழுதும் கிராணியைக் கெஞ்சி, சன்னாசி அண்ணனை வரவழைத்துப் பேசினேன்.

"அண்ணே, கண்ண உட்டுட்டீங்களே!"

"உடல தம்பி. நாளைக்கு வந்து தொறக்குறேன். ஈரத்துணி காயாம பாத்துக்க."

"இது சாமி இல்லண்ணே. பேங்கு!"

"கண்ணுன்னா கண்ணுதான். எங்க இருந்தா என்னா? கண்ணு தொறந்துட்டு அந்த மல ரோட்டுல கொண்டு போனா அதுக்கு பயமா இருக்காதா?"

மனிதர் கேலி செய்கிறாரா, உண்மையாகத்தான் சொல்கிறாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது. காலை முதல் பஸ்ஸில் கிளம்பினாலும் மூன்று பஸ் மாற வேண்டும். பத்து மணிக்குள் வருவாரா?

அன்று சாயங்காலம் வேலையாட்கள் போன பிறகு தனியாகச் சாரத்தில் ஏறினேன். கையில் ஒரு ஆணியும் சின்னக் கரண்டியும். துணியை விலக்கித் தொட்டுப் பார்த்தேன், சுண்ணாம்பு மெத்தென்றிருந்தது. இரண்டு வட்டம் கீறினால் போதும், கீழிருந்து பார்க்கிறவருக்கு என்ன தெரியப் போகிறது? ஆணியை வைத்தும்விட்டேன். இளையவர்களே, நம் தொழிலில் இப்படி ஒரு நிமிடம் உங்களுக்கும் வரும். நேரம் இருக்காது, கை துறுதுறுக்கும், "எனக்குத் தெரியும்" என்று தோன்றும். பம்பை வாடகைக்கு எடுத்தபோதும் எனக்கு அப்படித்தான் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் கை பின்வாங்கியது. ஒரு சிங்கத்தைக் கொன்றது போதும், இன்னொன்றைக் குருடாக்க வேண்டாம் என்று ஆணியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். துணியை மறுபடி நனைத்து வைத்துவிட்டு இறங்கினேன்.

சனிக்கிழமை ஒன்பதரைக்குச் சன்னாசி அண்ணன் வந்து இறங்கினார். திருநீறு, வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. எனக்கு உயிர் வந்தது. சாரத்தில் ஏறியவர் மேலிருந்து குரல் கொடுத்தார்.

"தம்பி, கண்ணாடி எங்க?"

"என்னா கண்ணாடி?"

"கண்ணு தொறந்தா மொதப் பார்வ ஆளு மேல படக்கூடாது, தாங்காது. அது மொகத்த அதே பாத்துக்கட்டும். பெரிய கண்ணாடியா கொண்டா."

வங்கிக்கு நேர் எதிரே ஒரு சீனர் முடிவெட்டும் கடை வைத்திருந்தார். ஓடினேன். சவர நுரையோடு ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொல்லிச் சுவரில் இருந்த கண்ணாடியைக் கேட்டேன். கடைக்காரர் கத்தியைத் துடைத்து வைத்தார். சிங்கம் என் கடையைத்தானே பார்க்கப் போகிறது என்றார். ஆமாம் என்றேன். அப்படியானால் நானே பிடிக்கிறேன் என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே ஏணியில் ஏறிவிட்டார். நுரை போட்ட ஆளும் கழுத்தில் துண்டோடு வாசலுக்கு வந்து நின்றார்.

அந்த நிமிடத்தில் கீழே ஒரு கார் வந்து நின்றது. பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார் புவான். அண்ணாந்து பார்த்தார். சாரத்தில் சூடத்தட்டோடு ஒருவர், கண்ணாடியோடு ஒருவர், நடுவில் நான். குதி உயர்ந்த செருப்பைக் கழற்றி வைத்து, பாஜு குரோங் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

"சுத்தம் செய்து முடிந்ததா?" என்று மலாயில் கேட்டார்.

முடிந்தது புவான், கடைசி வேலை நடக்கிறது. இந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பொய்கூட இல்லை, பாதி உண்மை. சட்டைப் பையில் ஆணி குத்தியது. நான் சொன்னேன்:

"இல்லை புவான். வலது சிங்கம் விழுந்து உடைந்துவிட்டது. பம்ப் வைத்துத் தண்ணீர் அடிக்கச் சொன்னது நான். இது புதுசு. இவர் செய்தது."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. இடது சிங்கத்தின் பிடரியைத் தடவினார். குனிந்து வந்து வலது சிங்கத்தின் பிடரியைத் தடவினார். கழுத்து மணியைக் கண்டதும் விரல் நின்றது.

"இது அங்கே இல்லையே?"

சன்னாசி அண்ணனுக்குச் சந்தை மலாய் தெரியும். "இது என் வீட்டுச் சிங்கம் புவான்" என்றார்.

புவான் அந்த மணியை விரலால் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். "இருக்கட்டும். பின்னால் வருகிறவர்களுக்கு எது பழையது எது புதியது என்று தெரிய வேண்டும்" என்றார். பிறகு அந்த மேடுகளைக் காட்டி, "ஏன் இன்னும் கண் திறக்கவில்லை?" என்று கேட்டார்.

"நீங்கள் வரட்டும் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன்" என்றார் சன்னாசி அண்ணன், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

கண்ணாடி நேராக வந்தது. மற்றவர்கள் ஒதுங்கி நின்றோம். சன்னாசி அண்ணன் இடது கண்ணில் ஒரு சுழி கீறினார், வலது கண்ணில் ஒரு சுழி. எண்ணிப் பத்து நொடிகூட ஆகியிருக்காது. அதுவரை சுண்ணாம்பாக நின்ற ஒன்று திடீரென்று பார்த்தது. கண்ணாடி பிடித்திருந்த சீனர் ஒரு அடி பின்னால் போய், "உயிர் வந்துவிட்டது!" என்று கத்தினார். கீழே கூடியிருந்த கூட்டம் கைதட்டியது. நுரை போட்ட ஆள்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. புவானும் சிரித்துவிட்டார்.

கீழே இறங்கியதும் சிரிப்பு போய்விட்டது. புவான் என்னைத் தராசு அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"சிங்கம் உடையும். சுவர் விழும். அதற்காகத்தான் நாம் இருக்கிறோம். ஆனால் ஆறு அறிக்கை. ஆறு தடவை உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அதை எந்தச் சுண்ணாம்பை வைத்துப் பூசுவாய்?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் தீர்ப்பு வேறாக இருந்தது. வேலை முடியும் வரை ஒவ்வொரு வாரமும் நான் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறிப் போய், என் அறிக்கையை அவர் எதிரில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் தண்டனை. செய்து பாருங்கள், ஒரு சின்ன மழுப்பல் வார்த்தைகூட வெளியே வராது. அந்தப் பயணங்களில்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றேன்.

பிறகு முகப்பு வரைபடத்தை மேசையில் விரித்தார். "இடது சிங்கத்தைச் செய்தவர் யார்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வங்கியின் பழைய கோப்புகளில் கதவுப் பிடி எங்கிருந்து வந்தது என்பது வரை இருக்கிறது, அந்த மனிதரின் பெயர் மட்டும் இல்லை என்றார். பேனாவை என்னிடம் நீட்டினார். "வலது பக்கத்துக்கு அப்படி ஆகக்கூடாது. எழுது. நடந்ததை நடந்தபடி எழுது."

அந்த மூன்று வரிகள் அப்படி வந்தவை. முதல் வரி உங்களுக்குத் தெரியும். இரண்டாவது: "புதிதாகச் செய்தவர் சன்னாசி, ஈஜோக்." மூன்றாவது: "இடது சிங்கத்தைச் செய்தவர் பெயர் தெரியவில்லை."

வங்கி மறுபடி திறந்த பிறகு ஒருநாள், சன்னாசி அண்ணன் மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தார். முடிவெட்டும் கடைக்காரர் அதற்குள் தன் வாசலுக்கு மேலே புதிதாக ஒரு கண்ணாடியை மாட்டியிருந்தார், சிங்கத்துக்கு நேராக. முதல் பார்வை தாங்காது என்றால் மற்ற பார்வைகளும் வேண்டாம் என்பது அவர் கணக்கு. சிங்கம் இன்றைக்கும் தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் வரைபடத்தை எடுத்து வந்து காட்டினேன். ஆங்கிலத்தில் எழுதியது அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"இதுல எம் பேரு இருக்கா?"

"இருக்குண்ணே. இங்க பாருங்க."

விரலை வைத்துப் பார்த்தார். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து விரல் வைத்தன. பிறகு மேல் வரியைத் தொட்டார்.

"இது என்னா?"

"அது நான். ஒடச்சவன் நான்னு எழுதியிருக்கு."

அவர் வங்கி அதிரச் சிரித்தார். "அப்ப அத அழிச்சிராத தம்பி. நீ ஒடைக்கலேன்னா எம் பேரு இங்க எப்படி ஏறும்?"

அழிக்க மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வரியையும் கணினியில் ஏற்றிவிடுங்கள்.